எண்ணெய்க்கும் உண்டு கடைமடை

மயிலம்

பங்குனி வெயிலில் திண்டிவனத்தைத் தாண்டும்போது சாலையோரம் முழுக்கத் தர்ப்பூசணிக் குவியல். பாதியாக வெட்டிய பழத்தைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுகிறார்கள். மயிலம் சாலையில் திரும்பினால் மண்ணும் சிவந்துவிடுகிறது. கொல்லைகளில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய் முற்றிக்கொண்டிருந்தது. வரப்புக்கு அப்பால் சவுக்கு, அதற்கும் அப்பால் முந்திரி. மன்னார்குடிக்குத் தெற்கே எங்கள் ஊரில் இந்த மாதம் களிமண் வயல் கால் நுழையும் அளவுக்கு வெடித்திருக்கும். உளுந்து எடுத்த தாளில் மாடு மேயும். எங்களுக்கு உழவு என்றால் சேற்றுழவு. 45, 50 குதிரைத்திறன் வண்டியில் கேஜ் வீல் மாட்டி அடிப்பார்கள். வாடகை வண்டியைக் கூப்பிட்டு வரப்பில் நிற்பதோடு நம் பங்கு முடிந்தது.

மச்சானுக்கு அப்படி முடியாது. என் மனைவியின் தம்பி. மயிலத்துக்குப் பக்கத்தில் கிணற்றுப் பாசனம். துண்டு துண்டாக மல்லாட்டையும் சவுக்கும். மல்லாட்டை இந்தப் பக்கத்துக்குப் பரம்பரைப் பயிர். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகம் ஆந்திரம், கர்நாடகம் வரைக்கும் போய்ப் பேர் வாங்கியது. சின்னத் துண்டுகளில் பெரிய டிராக்டர் திரும்புவதற்குள் வரப்பு போய்விடும். அதனால் 27 குதிரைத்திறன் கொண்ட சின்ன வண்டி வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கும். சவுக்கு வரிசைக்குள்ளும் நுழையும்.

அந்த வண்டியின் பின்னால் ஹைட்ராலிக் எண்ணெய் வெளியே வர ஒரே ஒரு வாய். டிப்பர் டிரெய்லருக்கு அதுவே போதும். ஆனால் அவன் பழைய விலைக்கு ஒரு ரிவர்சிபிள் கலப்பையும் வாங்கிப் போட்டிருந்தான். சாதாரண இறக்கைக் கலப்பை மண்ணை ஒரே பக்கம்தான் புரட்டும். போகும்போது வலப்பக்கம் தள்ளிய மண்ணை வரும்போது எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். கொல்லை நடுவே மேடோ பள்ளமோ விழாமல் இருக்க வேண்டுமானால் சுற்றிச் சுற்றித்தான் ஓட்ட வேண்டும். ரிவர்சிபிள் கலப்பையில் கொழு இரட்டையாக, முதுகோடு முதுகு ஒட்டியிருக்கும். ஓரத்துக்கு வந்ததும் கலப்பையே புரண்டுகொள்ளும். வந்த வழியே திரும்பி உழலாம். அதைப் புரட்டுகிற சிலிண்டருக்கு எண்ணெய் போக ஒரு வழி, திரும்ப ஒரு வழி வேண்டும்.

"சேதராப்பட்டுல ஒரு பட்டறை இருக்குது மாமா. எண்ணெய் வர எட்டு பாயிண்டு வச்சிடலாம்னு இருக்கேன். டாப் லிங்க்குக்கு, பிளேடுக்கு, எல்லாத்துக்கும் ஆவும்" என்றான் மச்சான்.

மலைமேல் முருகனைக் கீழிருந்தே கும்பிட்டுக்கொண்டு கிளம்பினோம். அவன் டிராக்டரில், கலப்பையைத் தூக்கி மாட்டியபடி. நான் அவனுடைய பைக்கில், பின்னால்.

திருவக்கரை

சேதராப்பட்டுக்கு நேரே போகிற சாலை இருக்கிறது. ஆனால் திருவக்கரை வக்கிரகாளியைப் பார்க்காமல் வண்டி வேலைக்கு மச்சான் போகமாட்டான். கிளைச்சாலையில் திரும்பியதும் கருங்கல் லாரிகள் எதிரே வந்தன. சுற்றிலும் கல்குவாரி. சாலையோரச் சவுக்கெல்லாம் வெள்ளைப் பொடி பூசி நின்றது. சந்திரமௌலீசுவரர் கோயிலில் கோபுரமும் கொடிமரமும் நந்தியும் கருவறையோடு ஒரே நேர்கோட்டில் நிற்பதில்லை. பௌர்ணமி இல்லாததால் கூட்டமும் இல்லை. மச்சான் காளிக்கு எலுமிச்சம்பழம் கொடுத்து வாங்கி, டிராக்டரின் முன்கம்பியில் கட்டினான்.

கோயிலைத் தாண்டினால் கல்மரப் பூங்கா. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளம் அடித்துவந்து புதைத்த மரங்கள் கல்லாகி, வெட்டவெளியில் படுத்துக் கிடக்கின்றன. பட்டையின் வரி, கிளை முறிந்த கணு, வைரம் பாய்ந்த நடுப்பகுதி எல்லாம் அப்படியே தெரியும். தட்டினால் மட்டும் கல். 1781இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் இவற்றைப் பற்றி எழுதினார். பிரெஞ்சுக்காரர் கையிலிருந்த புதுச்சேரிக்கு வந்தவர்கள் இந்தப் பக்கமும் நடந்து பார்த்திருக்கிறார்கள்.

வெளியே புளியமரத்தடியில் ஒரு அம்மா கேழ்வரகுக் கூழ் விற்றுக்கொண்டிருந்தார். மோர் ஊற்றிக் கரைத்த கூழ், சின்ன வெங்காயம், மோர்மிளகாய், சுட்ட கருவாடு. எங்கள் பக்கம் காலையில் பழையசோறு கிடைக்கும். இந்தக் கூழ் கிடைக்காது. இரண்டாவது சொம்பு கேட்டபோது அவர் டிராக்டரைப் பார்த்தார்.

"இது உழுவுற வண்டியா, மண்ணு ஓட்டற வண்டியா?"

"ரெண்டுத்துக்கும்தான் ஆயா" என்றான் மச்சான்.

"ஒரு மாட்ட ரெண்டு வேலைக்கு வச்சாலே மூச்சு வாங்கும். பாத்து ஓட்டு."

ஊரை ஒட்டிச் சங்கராபரணி. மணலும் அங்கங்கே குட்டையுமாகக் கிடந்தது. செஞ்சி மலைப்பக்கம் பிறக்கிற ஆறு இது. மேலே வீடூரில் 1950களின் கடைசியில் அணை கட்டினார்கள். அந்த அணை பாயும் 3,200 ஏக்கரில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டுக்கு, 1,000 ஏக்கர் புதுச்சேரிக்கு. பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு அந்தக் கணக்கை மச்சானிடம் சொன்னேன். அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அவன் கிணற்றுப் பாசனக்காரன். எனக்கு அப்படி இல்லை. மேட்டூர் திறந்த தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர்வதற்குள் தலைமடைக்காரர்கள் நாற்றே விட்டிருப்பார்கள். யாருக்கு முதலில், யாருக்கு எவ்வளவு என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்த காது எனக்கு.

சேதராப்பட்டு

புதுச்சேரி எல்லை வந்ததை யாரும் சொல்ல வேண்டாம். டி.என். 16 என்று தொடங்கிய வண்டி எண்கள் பி.ஒய். 01 ஆகின்றன. மதுக்கடையும் பெட்ரோல் பங்க்கும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. டீசல் இங்கே லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால் தமிழ்நாட்டு டிராக்டர்கள் வரிசையில் நின்றன. மச்சானும் நின்றான். புதுச்சேரியின் எல்லை ஒரு கோடாகப் போவதில்லை. பிரெஞ்சுக்காரரிடம் இருந்த ஊர்கள், ஆங்கிலேயரிடம் இருந்த ஊர்கள் என்று விட்டுவிட்டு வருகிறது. ஒரு வளைவில் தமிழ்நாடு, அடுத்த வளைவில் புதுச்சேரி. பிரெஞ்சு ஊர்களெல்லாம் இந்தியாவோடு சேருவது பற்றி 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பேர் வாக்களித்தார்கள். 170 பேர் சரி என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது.

தொழிற்பேட்டை பிப்டிக் போட்டது. 1974இல் புதுச்சேரி அரசு தொடங்கிய தொழில் வளர்ச்சிக் கழகம் அது. நேரான தெருக்கள், தகரக் கூரைகள், வாசலில் சைக்கிள் வரிசை. கொஞ்சம் தள்ளிக் கரசூர்ப் பக்கம் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று கையகப்படுத்தி, நெடுங்காலம் சும்மா கிடந்த பெருவெளி. அதில் ஆடு மேய்ந்தது.

பட்டறைக்காரர் பாகூர்க்காரர். அப்பா நெல் விவசாயி, இவர் ஜே.சி.பி. ரிப்பேரில் தொழில் கற்றவர். மச்சான் எட்டு பாயிண்டு என்றதும் சிரிக்கவில்லை, மறுக்கவுமில்லை. முதலில் கேட்டது வாரண்டி முடிந்துவிட்டதா என்றுதான். முடிந்தது என்றதும் அழுத்தமானியை எடுத்து மாட்டி, எஞ்சினை வேகம் ஏற்றினார். முள் 150 பாரில் நின்றது.

"பம்பு நிமிஷத்துக்கு 20 லிட்டர் தள்ளும்னு வச்சுக்க தம்பி. 150 பார். கணக்குப் போட்டா ஆறே முக்கால் குதிரை. 27 குதிரை வண்டியில எண்ணெய்க்குன்னு இருக்கறது அவ்ளோதான். நீ எட்டு வாய் வை, பதினாறு வாய் வை, ஆறே முக்கால் ஏழாவாது."

மச்சான் முகம் தொங்கியது. அவர் ஒரு பழைய வால்வைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

"இப்ப எண்ணெய் எப்படிப் போவுது? பம்புலேருந்து நேரா, கலப்பையத் தூக்கற லிஃப்டுக்கு. லிஃப்டு வேலை முடிஞ்சதும் கியர் பெட்டிக்குள்ளயே கொட்டிடும். அதுக்கப்பறம் அதைப் புடிச்சு இழுக்க வழியில்லை. அதனால நம்ம வால்வு லிஃப்டுக்கு முன்னாடிதான் வரணும். பம்பு, வால்வு, கடைசியில லிஃப்டு."

"அப்போ லிஃப்டு கடைமடை" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு அண்ணே?" சொன்னேன். "அதான். சரியாச் சொன்னீங்க. கடைமடைதான்."

டிராக்டரின் பின்னால் எண்ணெயால் தூக்குகிற கைகள் வந்த வரலாற்றை நினைத்தால் லிஃப்டு கடைசிக்குப் போவது விசித்திரம். ஹாரி ஃபெர்குசன் கண்டுபிடித்த மும்முனை இணைப்பும் ஹைட்ராலிக் தூக்கலும் 1939இல் ஃபோர்டு 9என் வண்டியில் சேர்ந்து வந்தபோது, அந்த எண்ணெய்க்கு இருந்த வேலையே கலப்பையைத் தூக்கி ஆழம் பார்ப்பதுதான். 1960இல் தொடங்கிய டாஃபே அந்த வழிவந்த மாஸ்ஸி ஃபெர்குசன் வண்டிகளை நம் கழனிகளுக்குக் கொண்டுவந்தது. டிப்பரும் புரளும் கலப்பையும் பின்னால் வந்து சேர்ந்தவை. பின்னால் வந்தவைதான் இப்போது வரிசையில் முன்னால் நிற்கின்றன.

அவர் காட்டிய வால்வின் பக்கவாட்டில் மூன்று துளைகள். ஒன்றில் பம்பு எண்ணெய் உள்ளே வரும். ஒன்றில் சிலிண்டரிலிருந்து திரும்பும் எண்ணெய் அழுத்தமில்லாமல் வெளியேறிக் கியர் பெட்டிக்குப் போகும். மூன்றாவதுதான் சூட்சுமம். வால்வுக்கு வேலை இல்லாதபோது எண்ணெயை அழுத்தத்தோடு அடுத்த ஆளுக்கு, அதாவது லிஃப்டுக்குத் தாண்டவிடும் வழி அது. 'கேரி ஓவர்' என்றார். அதற்கென்று தனியாக ஒரு குழல் திருகிப் போட வேண்டும். செலவைப் பார்த்து மூன்றாவது ஹோஸை விட்டுவிட்டு, திரும்புகிற வழியையே லிஃப்டுக்குக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டாம். முதல் நாள் ஓடும். லிஃப்டில் பாரம் ஏறினால் அழுத்தம் மொத்தமும், தாங்காத அந்தப் பக்கம் வந்து நிற்கும். சீல் பிதுங்கும். சில வேளை வால்வின் உடம்பே விரிசல் விடும்.

"போற வழிய எல்லாரும் யோசிப்பாங்க அண்ணே. திரும்பற வழிய யோசிக்கறவன்தான் மெக்கானிக்கு" என்றார். திரும்பும் எண்ணெய் கியர் பெட்டியில் எண்ணெய் மட்டத்துக்குக் கீழே போய்ச் சேர வேண்டும்; மேலிருந்து விழுந்தால் நுரை கட்டி, பம்பு காற்றைக் குடித்து ஊளையிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

கடைசியில் எட்டு நாலானது. இரண்டு லீவர் கொண்ட ஒரு வால்வு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஹோஸ் மாட்ட இரண்டு கப்ளர். ஒரு ஜோடி கலப்பைக்கு. இன்னொரு ஜோடி டாப் லிங்க்குக்கோ பிளேடுக்கோ, எது மாட்டியிருக்கிறதோ அதற்கு. டிப்பருக்குப் பழைய ஒற்றை வாயே போதும். தூக்க மட்டும்தான் அதற்கு எண்ணெய் வேண்டும், இறங்குவதற்கு அதன் பாரமே போதும்.

"மேல அதிகமா வேணும்னா இந்த ஜோடியிலயே ஒரு பிரிக்கிற வால்வு போட்டுக்கலாம். சுவிட்சு அமுக்கினா இந்தப் பக்கம், விட்டா அந்தப் பக்கம். ஒரே நேரத்துல ரெண்டும் கேக்காத வேலைக்கு எதுக்குத் தனித்தனி லீவரு?"

பத்துக்கண்ணு, ஊசுடு

ஹோஸ் அளந்து வெட்டிக் கிரிம்ப் செய்து முடிக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று அவரே எங்களை அனுப்பினார். பைக்கில் இரண்டு பேரும் பத்துக்கண்ணுப் பக்கம் போனோம். சாலையோரக் கடையில் ஏரிக் கெளுத்திக் குழம்பும் சோறும். புளி எங்கள் ஊரைவிடத் தூக்கல், தேங்காய் குறைவு. சாப்பாட்டுக்கு அப்புறம் ஊசுடு ஏரிக்கரை.

சுமார் 800 ஹெக்டேர் ஏரி. ஏறத்தாழப் பாதி புதுச்சேரிக்கு, மீதி தமிழ்நாட்டுக்கு. சங்கராபரணித் தண்ணீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்கு வருகிறது. காலையில் திருவக்கரைப் பாலத்தில் பார்த்த அதே ஆறு. பறவைகளுக்கென்று புதுச்சேரி தன் பங்கை 2008இல் சரணாலயமாக்கியது. தமிழ்நாடு தன் பங்கைச் சில ஆண்டுகள் கழித்து. கரையோரம் நாமக்கோழிகள் நெற்றியில் வெள்ளையோடு நீந்திக்கொண்டிருந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை முறை அவை பாதுகாப்புக்குள்ளும் வெளியேயும் போய்வந்தனவோ.

"இந்த ஏரிக்கு எத்தினி மதகு வச்சாலும் வர தண்ணி அதேதான, மாமா" என்றான் மச்சான். காலையில் பாலத்தில் காதில் வாங்காதவன்.

"தண்ணி அதே. ஆனா முறை வச்சா எல்லாருக்கும் போதும். ஒரே நாள்ல எல்லாரும் தொறந்தாத்தான் சண்டை."

எங்கள் ஊரில் முறைப்பாசனம் வைக்கிற ஆண்டுகளில் யார் கையில் எந்த நாள் தண்ணீர் என்பது கல்யாண நாளைவிட நன்றாக நினைவிருக்கும். அதை அவனிடம் விவரித்துக்கொண்டே திரும்பினேன்.

கரசூர் எல்லையில்

பட்டறைக்குப் போனபோது வால்வு வலது மட்கார்டுக்கு அருகே உட்கார்ந்திருந்தது. இரண்டு கம்பிவலை போட்ட ஹோஸ்கள், எங்கும் கூர்மையாக மடங்காமல். கப்ளர்களுக்கு ரப்பர் மூடி. ஜோடிக்கு ஒரு நிறம். மூடியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது என்றார் அவர். இந்த வண்டியில் கியர் பெட்டியும் லிஃப்டும் ஒரே எண்ணெயைக் குடிக்கின்றன. கப்ளரில் ஒட்டிய ஒரு சிட்டிகைச் செம்மண் பம்பு வரை போகும்.

எஞ்சினைப் போட்டு அழுத்தம் ஏற்றியதும் ஒரு அட்டையை எடுத்து ஹோஸ் இணைப்புகளின் ஓரமாக நகர்த்திக்கொண்டே வந்தார். கையால் தடவிப் பார்க்கப் போன மச்சானின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். 150 பாரில் ஊசி முனை அளவு ஓட்டையில் பீச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வெளியே பார்த்தால் முள் குத்திய புள்ளி அளவுதான் இருக்கும். வலி இல்லையே என்று வீட்டில் உட்கார்ந்தால் விரலே போய்விடும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அட்டை காய்ந்தே இருந்தது.

அழுத்தப்பட்ட திரவம் எல்லாப் பக்கமும் சமமாகத் தள்ளும் என்று சொன்ன பாஸ்கல் பிரெஞ்சுக்காரர். 1662இல் இறந்தார். அந்த விதியை வைத்து ஜோசப் பிராமா 1795இல் இங்கிலாந்தில் ஹைட்ராலிக் அழுத்தி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். 5 செ.மீ. குறுக்களவு கொண்ட மச்சானின் கலப்பைச் சிலிண்டர் ஏறத்தாழ 3 டன் வலுவோடு தள்ளுவது அந்தக் கணக்கில்தான்.

சோதனைக்குப் பக்கத்திலிருந்த தரிசுக்கு ஓட்டினோம். நிலத்துக்காரர் வேலியோரம் நின்று, உழுதுவிட்டே போகச் சொன்னார். மச்சான் லீவரை இழுத்தான். கலப்பை கண் சிமிட்டுவதற்குள் புரண்டு, வண்டியே ஆடியது. நிலத்துக்காரர் இரண்டடி பின்னால் போனார்.

"அரை லிட்டர்கூடப் புடிக்காத சிலிண்டரு. உன் பம்பு ஒன்னு ஒன்னரை விநாடியில ரொப்பிடும்" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்காரர் கப்ளருக்குப் பின்னால் சின்னத் துளை போட்ட ஒரு தடையைத் திருகினார். அடுத்த முறை கலப்பை நிதானமாகப் புரண்டது. வண்டியின் முன்பக்கம் லேசாகத் தூக்குவதைப் பார்த்து, முன்னால் இரும்பு வெயிட்டு போடாமல் மேட்டு நிலத்தில் இதை எடுக்காதே என்றும் எச்சரித்தார்.

அப்புறம் அவரே சொன்னார்: "இப்ப ரெண்டையும் ஒன்னா இழு. கலப்பையப் பொரட்டிக்கினே லிஃப்டத் தூக்கு."

இழுத்தான். கலப்பை புரண்டது. லிஃப்டு அசையவில்லை. கலப்பை புரண்டு முடிந்து லீவர் நடுவுக்கு வந்த பிறகுதான் அது எழுந்தது. மச்சான் பழுது என்றே நினைத்தான்.

"பழுது இல்ல தம்பி. முறை. மேல இருக்கறவன் எடுத்து முடிச்சாத்தான் கீழ வரும். அண்ணன் சொன்னாருல்ல, கடைமடைன்னு. இன்னொன்னும் கேட்டுக்க. இந்த ரெண்டு லீவரையும் ஒன்னா இழுத்தா எது லேசான பாரமோ அங்கதான் எண்ணெய் ஓடும், கனமானது நிக்கும். ஓரத்துக்கு வந்தியா, மொதல்ல தூக்கு. அப்பறம் பொரட்டு. அப்பறம் எறக்கு."

தூக்கு, புரட்டு, இறக்கு. தரிசின் குறுக்கே மச்சான் போய்வந்துகொண்டிருந்தான். முதல் சில சால்களில் கை குழம்பியது. பிறகு மூன்று வேலைக்கும் மூன்று அசைவு, ஒன்று முடிந்து ஒன்று. மண் ஒரே பக்கமாகப் புரண்டு படிந்தது, நடுவில் மேடில்லாமல். நிலத்துக்காரர் கைக்காசு கொடுக்க வந்தார். மச்சான் வாங்கவில்லை, அவர் கொல்லையில் பறித்த பூசணிக்காய் ஒன்று டிராக்டரில் ஏறியது.

கிளம்புமுன் பட்டறைக்காரர் கடைசியாக ஒன்று சொன்னார். வேலை முடிந்து ஹோஸைக் கழற்றுவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, லீவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அப்படியே கழற்றி வெயிலில் போட்டால் உள்ளே மாட்டிய எண்ணெய் சூட்டில் விரிந்து, மறுநாள் எவ்வளவு முட்டினாலும் கப்ளர் மாட்டாது.

மயிலம் சாலையில் திரும்பும்போது டீக்கடையில் நிறுத்தினோம். மீதி நாலு பாயிண்டுக்கென்று எடுத்துவந்த பணம் மச்சான் பையில் அப்படியே இருந்தது.

"இதுல முன்னாடி வெயிட்டு வாங்கிடறேன் மாமா. எட்டு பாயிண்டு வச்சிருந்தா எட்டையும் ஒன்னா இழுத்திருப்பேன்."

எங்கள் பக்கம் தண்ணீர் வராத ஆண்டுகளில் புது வாய்க்கால் வெட்டச் சொல்லி மனு எழுதுவோம். நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த மனு வரும்போது, வாய்க்கால் எத்தனை என்பதற்கு முன்னால் முறை யார் வைப்பது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லப் போகிறேன்.